கபுறடியில் சொல்லாத பெயர்

கண்டியில் எங்கள் ஆட்களிடையே ஒரு பெண்ணின் பெயர் ஆண்கள் கூட்டத்தில் உரக்கக் கேட்கும் இடம் இரண்டுதான். ஒன்று நிக்காஹ் சபை. மற்றது கபுறடி, அடக்கம் செய்யும் குழியின் பக்கம். வேறெங்கும் அவள் இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்சாதி, இன்னாருடைய உம்மா. கடைத்தெருவில் நின்று ஒருவன் தன் தாயின் பெயரைச் சொன்னால் அவனுக்கு மரியாதை தெரியாது என்பார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அதை மரியாதை என்றுதான் நம்பினேன். இப்போது நம்பவில்லை.

கபுறடியில் அந்தப் பெயர் எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மண் போட்டு முடிந்ததும் பள்ளியில் ஓதுகிற லெப்பை கபுறின் தலைமாட்டில் உட்காருவார். உள்ளே கிடப்பவரைப் பெயர் சொல்லி, அவரைப் பெற்றவளின் பெயரும் சொல்லி, "இன்னவளுடைய மகனே" என்று கூப்பிட்டு, இனி வரப்போகிற கேள்விகளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நினைவூட்டுவார். அதற்குத் தல்கீன் என்று பேர். தகப்பன் பெயர் அங்கே எடுபடாது. உயிரோடு இருந்தவரை வாப்பாவின் பெயரால் நடமாடிய மனிதன் மண்ணுக்குள் உம்மாவின் பெயரால்தான் கூப்பிடப்படுவான். கூடி நின்றவர்கள் நாற்பது அடி விலகியதும் முன்கர், நகீர் என்ற இரண்டு மலக்குகள், வானவர்கள், வருவார்கள். உன்னைப் படைத்து வளர்க்கும் உன் ரப்பு யார், உன் நபி யார், உன் மார்க்கம் எது என்று கேட்பார்கள். பதில் வந்தால் கபுறு விரிந்து வெளிச்சமாகும். நாக்குத் தடுமாறினால் மண் இரண்டு விலாவையும் சேர்த்து நெருக்கும். எங்கள் பிள்ளைகள் பால்பல் விழுமுன்னே இதைப் படித்துவிடும்.

என் நானாவுக்கு, கூடப் பிறந்த அண்ணனுக்கு, நாக்குத் தடுமாறும். அவர் திக்குவாயர். அவரை அடக்கிய அன்று எங்கள் உம்மாவின் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கோப்பிச் செடி நோயில் செத்து, மலையெல்லாம் தேயிலை ஏறி, அன்று அந்தக் கபுறைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அதே மையவாடி மண்ணுக்குள் போய்விட்டார்கள். என் கோபம் போகவில்லை. அது போக வேண்டும் என்று நான் துஆக் கேட்டதும் இல்லை.

உம்மா கோப்பி பறிக்கக் கடல் கடந்து வந்தவர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த கூட்டத்தில் ஒருத்தி. வழியில் வாந்திபேதி கண்டது. நடக்க முடியாதவர்களைக் கங்காணி ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு, நடக்கக்கூடியவர்களை ஓட்டிக்கொண்டு போனான். அந்த வழியால் தவளம் கொண்டு வந்தவர் எங்கள் வாப்பா. தவளம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம். வண்டி ஏறாத மலைகளுக்கு அரிசியும் உப்பும் கருவாடும் கொண்டுபோய், திரும்பும்போது கோப்பியை இறக்கிக்கொண்டு வருவார்கள். மரத்தடியில் கிடந்தவர்களில் உயிர் இருந்தது உம்மாவுக்கு மட்டும்தான். வாப்பா ஒரு மாட்டின் பொதியை மற்ற மாடுகளுக்குப் பிரித்துப் போட்டுவிட்டு, அந்த மாட்டில் அவரை ஏற்றிக் கண்டிக்குக் கொண்டு வந்தார். பிழைத்து எழும்பியதும் உம்மா கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வந்தார். அன்றைக்கு இருந்த பழைய லெப்பை அவருக்கு ஒரு பெயர் வைத்தார். நபியவர்களுடைய குடும்பத்துப் பெண்களின் பெயர்களில் ஒன்று. அந்தப் பெயரில்தான் நிக்காஹ் நடந்தது.

ஊர் அந்தப் பெயரைத் தொடவே இல்லை. கோப்பிக்காரி என்றது. நானாவும் நானும் பிறந்து, வாப்பா மௌத்தாகி, முப்பது வருடம் ஒரு வக்துத் தொழுகையை விடாமல் தொழுத பிறகும் அவர் ஊருக்குக் கோப்பிக்காரிதான். இஸ்லாத்துக்கு வந்தவர் அன்று பிறந்த பிள்ளையைப்போலப் பாவமில்லாதவர் என்று பள்ளியில் பயான் சொல்வார்கள். வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டதும் மறந்துவிடுவார்கள். உம்மாவின் பேச்சும் அவர்களுக்குச் சிரிப்பு. "வந்தாக, போனாக" என்று அவர் தன் ஊர்ப் பேச்சைத்தான் கடைசிவரை பேசினார். பெருநாளுக்கு வட்டிலப்பம் தின்ன வருகிற பெண்கள், தின்று கை கழுவிப் படலையைத் தாண்டியதும் அதைப்போலவே பேசிக் காட்டிச் சிரிப்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று உம்மா விட்டுவிடுவார். எனக்கு அந்த மனம் வாய்க்கவில்லை.

அந்தப் பெயரை நான் இங்கேயும் எழுதப்போவதில்லை. வெட்கத்தால் அல்ல. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததைக் கடதாசியில் எழுதிவிட்டு, ஈடு கட்டிவிட்டேன் என்று மார்தட்ட எனக்கு மனம் வரவில்லை.

நானா வீட்டுக்குள் பேசுவதைக் கேட்டால் அவருக்குத் திக்குவாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாடுகளோடும் நன்றாகப் பேசுவார். பெரிய மனிதர் யாராவது முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் போதும், வாய் திறந்தபடி நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், முதல் எழுத்தே வெளியே வராது. ஓதப்பள்ளியில் எங்களுக்கு ஓதிக் கொடுத்தவர் பழைய லெப்பை அல்ல, அவருக்குப் பிறகு வந்தவர். அவர் கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். கபுறின் கேள்விகளை அவர் வரிசையாகக் கேட்டு வருவார். நானாவின் முறை வரும். உன் ரப்பு யார்? நானாவுக்குப் பதில் தெரியும். தெரியாத பிள்ளை ஊரிலேயே இல்லை. அவருடைய வாயில் 'அ' மட்டும் நின்று துடிக்கும். லெப்பை பிரம்பைத் தூக்குவார்.

"கபுறுல மலக்குமார் ஒனக்காக இப்படிப் பாத்துக்கொண்டு நிப்பாங்களா? இரும்புச் சம்மட்டியால போடுவாங்க. அப்ப என்னடா செய்வாய்?"

அடி தொடையில் விழும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் நானும் சிரித்தேன்.

நானா வீட்டுக்கு வந்து அழுவார். சம்மட்டிக்குப் பயந்து அழுவார். அடிபட்ட தொடை அவருக்குப் பெரிதாகவே தெரியாது. அப்போது உம்மா அவரை முன்னால் உட்கார வைத்து, கன்னத்தைப் பிடித்து, செல்லப் பெயரால் கூப்பிட்டு, "என் வயித்துல பொறந்த மகனே, ஒன் ரப்பு யாரு சொல்லு" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். நானா மூச்சு வாங்கி, கண்ணை மூடி, ஒரு தடவை விழுங்கி, "அல்லாஹ்" என்பார். திக்காது. மூன்று கேள்விக்கும் திக்காது. உம்மா பெண்களுக்கு ஓதிக் கொடுக்கிற ஒரு லெப்பைப் பெண்ணிடம் போய், கபுறடியில் தாயின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவருக்கு அந்தப் பயம் போய்விட்டது.

"அங்கன என் பேரு காதுல விழுந்தாப் போதும். எம்புள்ள பதில் சொல்லிப்புடுவான்" என்பார்.

இந்த மார்க்கத்தில் பிறந்தவர்கள் நாங்கள், இதையெல்லாம் படித்துவிட்டு மறந்தோம். வந்து சேர்ந்தவர் அவர், எழுத்து எழுத்தாகப் பிடித்துக்கொண்டார்.

நானா வளர்ந்து வாப்பாவின் தொழிலுக்கே போனார். மாடுகள்தான் எங்களுடையவை அல்ல. வாப்பாவுக்குப் பிறகு தவளமெல்லாம் ஒரு முதலாளியின் கைக்குப் போயிருந்தன. கோப்பிக் கிட்டங்கி அவருடையது, மாடுகள் அவருடையவை, பள்ளியில் முதல் வரிசையும் அவருடையதுதான். நான் அவருடைய கிட்டங்கியில் எழுத்துக்காரன். எங்கள் வீட்டு அடுப்பு இரண்டு பக்கத்தாலும் அவரை நம்பித்தான் எரிந்தது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவனாக இருந்தேன் என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. நானா ஹுன்னஸ்கிரியாவிலிருந்து கோப்பி இறக்கிக்கொண்டு கங்கைக்கு, எங்கள் பெரிய ஆற்றுக்கு, அந்தப் பக்கம் வந்து நின்றார். கங்கை மண் நிறமாகப் பெருகி ஓடியது. தோணிக்காரன் தோணியை மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவனுக்கு இருந்த புத்தி எங்கள் முதலாளிக்கு இல்லை. இந்தப் பக்கம் அவர் குடை பிடித்து நின்றார், நான் பக்கத்தில் நின்றேன். கோப்பி நனைந்தால் கறுத்துப் போகும் என்று அவருக்குப் பதற்றம். தோணித்துறைக்கு மேலே, கோடையில் மாடு இறங்குகிற இடத்தைக் காட்டி, அங்கே இறக்கு என்று கையை ஆட்டினார். அந்தக் கரையில் நானா தலையை ஆட்டினார். வாயைத் திறந்து என்னவோ சொல்லவும் பார்த்தார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கரையிலிருந்து பார்க்கும்போதே அவருடைய கழுத்து இழுபட்டது தெரிந்தது. முதலாளி மறுபடியும் கையை ஆட்டினார்.

நானா இறங்கினார். ஐந்தாவது மாட்டின் பொதி ஒரு பக்கம் சரிந்து, மாடு கவிழ்ந்தது. பொதிக் கயிற்றை அறுத்துவிட நானா கத்தியோடு பாய்ந்தார். பிறகு மாட்டையும் காணவில்லை, அவரையும் காணவில்லை. நான் கரை நெடுக ஓடினேன். முதலாளி, கரையேறிய மாடுகளுக்குக் கிட்டப் போய்ப் பொதிகளைத் தொட்டுப் பார்த்தார்.

"மூட்டைக்குள்ள தண்ணி போயிட்டா?" என்றார். அவர் முதலில் கேட்ட கேள்வி அது. அதற்குப் பிறகுதான் 'யா அல்லாஹ்' என்று தலையில் கைவைத்தார்.

மறுநாள் காலையில் கீழே ஒரு சிங்களக் கிராமத்தார் நானாவைக் கண்டெடுத்து, புதுப் பாயில் சுற்றி, நான்கு பேர் தோளில் வைத்து வீடு தேடிக் கொண்டு வந்தார்கள். வைத்துவிட்டு அவர்கள் உடனே போகவில்லை. அம்மா எங்கே என்று கேட்டார்கள். உம்மா வாசலுக்கு வந்ததும் நால்வரும் கைகூப்பிக் குனிந்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கு எங்கள் கலிமாவும் தெரியாது, கபுறுக் கேள்வியும் தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் இருக்கிறாள் என்பது தெரிந்தது.

பிறகு ஊர் வந்தது. முதலாளி எல்லாருக்கும் முந்தி வந்து, முற்றத்தில் நின்று சால்வையால் கண்ணைத் துடைத்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

"தண்ணியில மௌத்தானவர் ஷஹீது. சொர்க்கத்துக்கு நேர போன மாதிரிதான். எங்களுக்கெல்லாம் இந்த மௌத்துக் கெடைக்குமா?" என்றார்.

வெள்ளத்தில் இறந்தவருக்கு ஷஹீதின் பதவி, உயிர்த்தியாகியின் பதவி, உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. நானும் நம்புகிறேன். அதை நம்பித்தான் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறேன். ஆனால் அல்லாஹ் கொடுக்கிற பதவியை, கையை ஆட்டி ஆற்றில் இறக்கியவன் வந்து தன் கையால் எடுத்துக் கொடுப்பதுபோலக் கொடுத்தானே, அதை நான் மன்னிக்கவில்லை. அவ்வளவு ஆசையென்றால் அன்றைக்கு அவரே இறங்கியிருக்கலாம். கங்கை யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குளிப்பாட்டிக் கபனிட்டு, சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும் முன் உம்மா என்னைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டார். அவர் அழுது முடித்திருந்தார்.

"லெப்பைகிட்டச் சொல்லு. உசுரு போற நேரத்துல கலிமாச் சொல்லிக் குடுக்க அவன்கிட்ட ஒருத்தரும் இல்ல. காதுல தண்ணிதான் போயிருக்கும். குழியிலயாவது என் பேரச் சொல்லி நல்லாச் சத்தமாக் கூப்பிடச் சொல்லு. இது ஒம் பொறுப்பு."

"லெப்பைட்டச் செல்றன் உம்மா" என்றேன்.

அஸர் தொழுகை முடிந்து அடக்கினோம். ஹந்தானை மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றது. மூன்று பிடி மண் போட்டோம், அடையாளத்துக்கு மீசான் கட்டை நட்டோம், தண்ணீர் தெளித்தோம். லெப்பை தலைமாட்டில் உட்கார்ந்தார். அதே லெப்பை. பிரம்பு மட்டும் கையில் இல்லை. நான் கபுறின் கால்மாட்டில் நின்றேன். முன்னாலேயே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, கேட்கும்போது சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அவரும் கேட்டார்.

"உம்மாட பேரென்ன மகன்?"

இருபது வருடத்துக்கு மேல். அவர் எங்கள் வீட்டில் கத்தம் ஓதியிருக்கிறார், சோறு தின்றிருக்கிறார். பெயர் தெரியாது.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் யாரோ மெதுவாக, "கோப்பிக்காரி" என்றான். சத்தமாகச் சிரிக்கவில்லை, மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. கபுறடியில் நின்று சிரித்தான். எனக்குக் காது சுட்டது. அந்தப் பெயரைச் சொன்னால், நபி குடும்பத்துப் பெயரா இந்தக் கூலிக்காரிக்கு என்று இன்னொரு சிரிப்பு வரும் என்று தோன்றியது. தாயின் பெயரை இத்தனை ஆண்களுக்கு முன்னால் ஒரு நாளும் சொன்னதில்லை என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் முதலாளி நின்றார். இது எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம்தான். வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நின்றேன்.

முதலாளி வானத்தைப் பார்த்தார். "அதெல்லாம் என்னத்துக்கு லெப்ப? பேர் தெரியாட்டி ஹவ்வாண்டு செல்றதுதானே. மழ வரப்போகுது, முடிங்கொ."

லெப்பை என்னை இன்னொரு தடவை பார்த்தார். நான் குனிந்து மண்ணைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நானாவின் பெயரைச் சொல்லி, "ஹவ்வாவின் மகனே" என்று ஓதத் தொடங்கினார்.

மார்க்கச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பெற்றவள் யாரென்று தெரியாதவனை, ஆதி மனிதரின் துணைவி ஹவ்வாவின் மகனே என்று கூப்பிடலாம். ஹவ்வா உம்மா எங்கள் எல்லாருக்கும் தாய். அதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை. ஆனால் அந்தச் சட்டம் தெருவில் கிடந்து செத்தவனுக்கு, கடலில் ஒதுங்கிய அனாதைக்கு. என் நானாவின் தாய் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். முதலாளியின் தம்பி மௌத்தானபோது அவருடைய தாயின் பெயரை, முன்னால் இரண்டு பட்டம், பின்னால் ஒரு பட்டம் சேர்த்து, இதே லெப்பை மூன்று தடவை கூப்பிட்டார். அன்றைக்கும் மழைதான். எல்லாரும் நனைந்துகொண்டு நின்றோம். அன்று ஒருவனுக்கும் ஹவ்வா நினைவுக்கு வரவில்லை.

ஓதி முடிந்தது. எல்லாரும் திரும்பி நடந்தார்கள். போகிறவர்களின் காலடிச் சத்தம் உள்ளே கிடப்பவருக்குக் கேட்கும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் அடிகளை எண்ணினேன். பத்தில் திரும்பலாம் என்று நினைத்தேன். இருபதில் நினைத்தேன். திரும்பி ஓடிப்போய், மண்ணில் வாயை வைத்து, ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வர எவ்வளவு நேரம் வேண்டும்? மழை விழுந்தது. முதலாளி என் தோளில் கைபோட்டு, "ஷஹீதாட தம்பி நனையலாமா?" என்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாற்பதாவது அடி வைக்கும்போது நான் அவருடைய குடைக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

வீட்டில் உம்மா கதவோடு நின்றார்.

"என் பேரச் சொன்னாகளா?"

"சொன்னாங்க உம்மா."

"சத்தமாச் சொன்னாகளா?"

"சத்தமாத்தான்."

இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் உள்ளே போய் உட்கார்ந்து கஞ்சி கேட்டார். நானே ஊற்றிக் கொடுத்தேன். "இந்நேரம் சொல்லியிருப்பான்" என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார். எனக்கு அந்தக் கோப்பையை எறிந்து உடைக்க வேண்டும்போல இருந்தது.

இறந்தவருக்காக ஓதும் மூன்றாம் நாள் கத்தத்துக்குச் சனம் கூடியது. ஆண்கள் முற்றத்தில் பாயில் இருந்தோம், பெண்கள் உள்ளே. முதலாளியின் பெண்சாதி, ஆறுதல் சொல்லத்தான் வந்தார் என்று வைத்துக்கொள்வோம், உம்மாவிடம், "ஹவ்வா உம்மாட பேரால கூப்பிட்டதும் ஒரு பரக்கத்துத்தான் புள்ள, ஒண்டும் மனசுல வெக்க வேணாம்" என்றிருக்கிறார். முக்காட்டைக்கூடச் சரியாக இழுத்துவிடாமல் உம்மா முற்றத்துக்கு வந்தார். அத்தனை ஆண்களுக்கும் நடுவே என் முன்னால் வந்து நின்றார்.

"ஹவ்வான்னா கூப்பிட்டாக?"

நான் தலையைத் தூக்கவில்லை. அதுவே அவருக்குப் பதில்.

அவர் என்னைத் திட்டவில்லை. படலையைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கடைகள் திறந்திருந்தன. எங்கள் பெண்கள் மூடிய வண்டியில்லாமல் போகாத தெருவால், நடுத்தெருவால், கோப்பி பறிக்கப் போன காலத்து நடையில் போனார். நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் கத்தத்துக்கு வந்த ஆண்கள் வந்தார்கள். மையவாடிக்குப் பெண்கள் போகும் வழக்கம் எங்களுக்கு இல்லை. உம்மா வாசலில் ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே போனார். எந்தக் கபுறு என்று யாரிடமும் கேட்கவில்லை, புதுமண் ஒரே இடத்தில்தான் இருந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மண்ணில் ஊன்றிக் குனிந்து, நானாவைச் செல்லப் பெயரால் கூப்பிட்டார். பிறகு தன் பெயரைச் சொன்னார். "ஒன்னையப் பெத்தவ வந்திருக்கேன். பயப்படாத. ஒன் ரப்பு யாரு, சொல்லு" என்றார்.

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நானா மூச்சு வாங்கி, கண்ணை மூடி, ஒரு தடவை விழுங்கிப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் இருந்தார். அதற்குப் பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

லெப்பையும் முதலாளியும் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். லெப்பைக்கு மேல்மூச்சு வாங்கியது.

"இதென்ன வேல? மூணு நாள் போயிட்டு. மலக்குமார் வந்து, கேள்வியும் கேட்டு, எல்லாம் முடிஞ்சி. முடிஞ்ச கபுறுக்குத் தல்கீன் இல்ல" என்றார்.

உம்மா திரும்பிப் பார்த்தார். "எம்புள்ள திக்குவாயன், லெப்பை. நீங்க அடிச்ச புள்ளதானே, ஒங்களுக்குத் தெரியாதா? அவன் இன்னும் மொதக் கேள்விக்கே பதில் சொல்லி முடிச்சிருக்க மாட்டான். அவனப் படைச்சவன் காத்துக்கிட்டு இருப்பான். ஒங்களாட்டம் பெரம்பத் தூக்க மாட்டான்."

லெப்பையின் முகத்தில் அன்றுதான் முதல் தடவையாக வெட்கத்தைக் கண்டேன். முதலாளிக்கு அதுவும் இல்லை. "இந்த மனுசிய யாரு உள்ள விட்ட? யாரிட பொம்புள இது?" என்று சனத்தைப் பார்த்துக் கேட்டார்.

என்னுள் என்ன அறுந்ததோ தெரியாது. நான் உம்மாவின் பெயரைச் சொன்னேன். சொல்லவில்லை, கத்தினேன். ஒரு தடவை போதவில்லை. இந்தப் பெயருடைய மனுசி, என்ட உம்மா, அவரிட மகன்தான் உள்ளே கிடக்கிறார், ஹவ்வாவின் மகன் அல்ல என்று கத்தினேன். கங்கையில் கையை ஆட்டியது யார், மூட்டையைத் தொட்டுப் பார்த்தது யார் என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டேன். உங்கள் கிட்டங்கிப் பேனையை இன்னொருவன் பிடிக்கட்டும் என்றேன். மூக்கால் சிரித்தவனைத் தேடினேன், அவன் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டான். முதலாளி இரண்டு அடி பின்னால் போய் வாசலை விட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

உம்மா மூன்று கேள்வியும் முடித்து, பாத்திஹா ஓதி, எழும்பி வந்தார். கையில் மண் அப்படியே இருந்தது. என் முன்னால் நின்று என் முகத்தைப் பார்த்தார். நல்ல வேலை செய்தாய் மகனே என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"இன்னைக்கு இம்புட்டு வருதே இந்த வாயி. அன்னைக்கு எங்கடா போச்சு?"

நானாவின் பதிலுக்கு அவ்வளவு நேரம் காத்திருந்தவர், என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னைக் கடந்து வீட்டுக்கு நடந்து போனார்.